தென்காசிக்கு ஒரே ஒரு வேகன்

தென்காசி வட்டாரத்தில் சொகுசு வேகன் கார் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. சின்ன வேகன்தான். ஐரோப்பாக்காரன் செய்தது, கருநீல நிறம். முன்பக்கம் பார்த்தால் பெரிய மனிதர் கார். பின்பக்கம் போனால் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் கூரை கடைசிவரை ஓடியிருக்கும். ஏன் இந்த ஒன்றோடு நின்றுபோனது என்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் காரணங்களை அடுக்குவார்கள். வண்டி தாழ்வு, நம் ரோடு மேடு. உதிரி சாமான் கிடைக்காது. அவ்வளவு செலவு செய்கிறவன் உயரமான வண்டி வாங்கி ஊரைக் குனிந்து பார்க்கத்தான் ஆசைப்படுவான். கேட்க ஆளில்லை என்று கம்பெனிக்காரன் கொண்டு வருவதில்லை. அவன் கொண்டு வராததால் கேட்க ஆளில்லை. எல்லாம் வாஸ்தவம்தான். ஆனாலும் கொட்டாரக்கரையிலிருந்து இரண்டாவது வேகன் ஒன்று கிளம்பித் தென்காசிக்கு வருவதாக இருந்தது. அது வராமல் போனதற்கு இவற்றில் ஒன்றுகூடக் காரணமில்லை. காரணம், பெயிண்ட் கடை பாண்டியராஜின் பட்டப்பெயர்.

அந்தப் பட்டப்பெயர் ‘சுடச்சுட’.

அது வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பாண்டியராஜ் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா திரிந்த காலம். ஒரு ஆடி மாதம் அவரும் அவருடைய சேக்காளி மசூதும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள். தண்ணீர் நல்ல வரத்து. தலையைக் கொடுத்து நின்ற பாண்டியராஜ் வெளியே வரப் பார்த்தபோது இடுப்புத் துண்டு இடுப்பில் இல்லை. அது அவருக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டது. கரையில் கழற்றி வைத்திருந்த உடுப்பைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. அவர் தண்ணீருக்குள்ளேயே குத்தவைத்துக்கொண்டு கத்த, மசூது ஓடிப்போய், வழியில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் கட்டியிருந்த துணி பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அதைச் சுற்றிக்கொண்டுதான் பாண்டியராஜ் கூட்டத்துக்குள் நடந்து பஸ் ஏறினார். பின்பக்கம் ‘சுடச்சுட’ என்றிருந்தது. முன்பக்கம் ‘பார்சல் உண்டு’ என்றிருந்தது.

மசூது அன்றைக்கே பெயரை வைத்தார், ஊரெல்லாம் பரப்பினார், பரப்பின கையோடு சார்ஜாவுக்கு விமானம் ஏறினார். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. காலம் போகப் போகக் காரணம் மறந்து பெயர் நிலைத்தது. ஆள் பெரிய கோபக்காரராக இருக்கும், அதனால்தான் ‘சுடச்சுட’ என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பாண்டியராஜ் அதை மறுக்கவில்லை. பேனருக்குக் கோபம் எவ்வளவோ தேவலை என்று விட்டுவிட்டார்.

கோபக்கார மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டுப் பயந்துகொண்டே கழுத்தை நீட்டியவள் அவர் மனைவி குழல்வாய்மொழி. “வந்து பாத்தா கரப்பானுக்குப் பயந்து கட்டில் மேல ஏறி நிக்காவ. கோவம் எங்க இருக்குன்னு நானும் வீடெல்லாம் தேடிட்டேன்” என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கும் பேனர் விஷயம் தெரியாது.

கடைக்கு மேலே ‘பாண்டியராஜ் பெயிண்ட்ஸ்’ என்று ஆளுயர எழுத்து இருந்தும், “சுடச்சுட கடையில போயி ஒரு டர்பண்டைன் வாங்கிட்டு வாலே” என்றுதான் ஊர் பேசியது. ஒரு வருடம் கோயில் கொடைத் திருவிழாவில் அன்னதானத்துக்கு உதவியவர்கள் பெயரை மைக்கில் வாசித்தார்கள். “அன்னதானம்… சுடச்சுட…” என்று சொல்லி, வாசித்தவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அவ்வளவுதான், சாப்பாடு தயாராகிவிட்டது என்று மொத்தக் கூட்டமும் பந்திக்கு ஓடியது. அங்கே அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாண்டியராஜ் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வெளியே சிரித்துச் சமாளித்தாலும் அந்தப் பெயர் அவருக்கு உள்ளுக்குள் அப்படி வலித்தது.

இப்படி இருக்கையில்தான் அந்த வேகன் வந்தது. புனலூரில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார். பாண்டியராஜ் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனவர், வாசலில் நின்ற அந்த வண்டியைப் பார்த்துத் தாலி கட்டுகிற நேரத்தைத் தவறவிட்டார். சின்ன வண்டி, ஆனால் பின்கதவைத் திறந்தால் ஒரு குடித்தனம் வைக்கலாம். வாங்கிவிட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, “வேகன் எடுத்திருக்கேன்” என்றார்.

“நல்ல காரியம். வேகன் ஆரு தோதான வண்டி, சந்துக்குள்ள எல்லாம் போவும்” என்றார்கள்.

“ஆரு இல்ல. வெறும் வேகன்.”

“ஆரு இல்லாத மாடலா? பழசோ?”

“பழசில்ல. இது சொகுசு வேகன்.”

“அப்பிடியா? ஆரு வேணும்னா பின்னால வாங்கி மாட்டிக்கிடலாம்லா?” என்று ஆறுதல் சொன்னார் கடையத்து மச்சினர்.

வண்டியை ஊருக்குள் கொண்டுவந்த அன்றுதான் அதனால் வந்த உண்மையான லாபம் அவருக்குப் புரிந்தது. மேலகரத்தில் நமசிவாயம் என்று ஒருவன் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறான். கார் கழுவுவது அவனுக்கு இரண்டாவது வேலை. முதல் வேலை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துப் பாதுகாப்பது. காலையில் அங்கே வண்டியை விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேர் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது தென்காசி முழுக்கச் சட்டமாகிவிடும். பாண்டியராஜ் வேகனை உள்ளே விட்டபோது நமசிவாயம் கையில் குழாயோடு வாயைப் பிளந்து நின்றான்.

“வருது… வருது… ஏ, இன்னும் வருதுவே! அண்ணாச்சி, இது நீளக்காருல்லா!”

“நீளம் ஒண்ணும் கூட இல்லப்பா. கூரைதான் கடைசி வரைக்கும் போவுது” என்று பாண்டியராஜ் விளக்கம் சொன்னார். யார் கேட்டார்கள்? அன்றோடு அவர் ‘நீளக்கார் அண்ணாச்சி’ ஆகிவிட்டார். பாண்டியராஜுக்கு ஆகாயத்தில் நடப்பது மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று “நீளக்கார் அண்ணாச்சி” என்று தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தக் குற்றால சீசன் முடிவதற்குள் ‘சுடச்சுட’ ஊர் வாயிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது.

அதன் பிறகு அவர் வேகன் மதத்தின் பிரசங்கியாராகவே மாறிப்போனார். பெயிண்ட் வாங்க வந்தவரிடம் வெள்ளை வேண்டுமா கிரீம் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் வேகனின் பெருமை பேசினார். சார்ஜாவில் இருந்த மசூதுக்கு தினமும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போனது. தாழ்வான வண்டிதான் வளைவில் சாயாது என்று ஒரு மெசேஜ். உயரமான வண்டி வாங்குகிறவனெல்லாம் ஏணியில் குடியிருக்கிறவன் என்று ஒரு மெசேஜ். மசூது எல்லாவற்றுக்கும் சிரிக்கிற பொம்மையை அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் சாரல் தொடங்கின சமயத்தில் மசூது சார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே பாண்டியராஜ் வேகனைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினார். மசூது சுற்றிச் சுற்றி வந்தார், பின்கதவைத் திறந்தார், உள்ளே ஏறினார், அப்படியே மல்லாக்கப் படுத்துக்கொண்டார்.

“லே பாண்டி, கால நீட்டிப் படுக்குதேன்லே! காருக்குள்ள கால நீட்டிப் படுக்குதேன்!”

“படுலே, நல்லாப் படு. நான் என்ன பொய்யா சொன்னேன்?” பாண்டியராஜுக்கு மனம் பூரித்துப்போனது.

“ஏட்டி ராபியா, இங்க வந்து பாரு” என்று மசூது மனைவியைக் கூப்பிட்டார். ராபியா பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அவள் எட்டிப் பார்த்து, “பாண்டியண்ணன் சொல்லச் சொல்ல நான் நம்பல. நெசமாவே நல்லாத்தான் இருக்கு” என்றாள். மசூது படுத்த வாக்கிலேயே தீர்ப்பு சொன்னார்: “முடிஞ்சிது. நானும் இதே வண்டிதான் வாங்கப்போறேன். இதே கலரு. கொட்டாரக்கரையில ஒரு காண்ட்ராக்டர்ட்ட இருக்காம்லே, நேத்தே விசாரிச்சிட்டேன்.”

பாண்டியராஜ் மசூதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடப் பிரசங்கத்துக்கு முதல் ஆள் விழுந்திருக்கிறான் என்று அவ்வளவு சந்தோஷம். அதே சந்தோஷத்தோடு நேராக மேலகரத்துக்குப் போய் நமசிவாயத்திடம் சொன்னார்.

நமசிவாயம் குழாயை மூடிவிட்டு யோசித்தான். “அது சரி அண்ணாச்சி. ஊருக்குள்ள ரெண்டு நீளக்காரு ஆயிட்டா அடையாளம் எப்பிடிச் சொல்லுதது?”

“அதுக்கென்ன?”

“அதுல்லா முக்கியம்! அவரு புதுசு, அவர வெறும் நீளக்காருன்னு வச்சிக்கிடலாம். ஒங்களுக்கு முன்னால ஒரு அடைமொழி போடணும்.” அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், முகம் மலர்ந்தது. “ஏ, முந்தி ஒங்கள ஒரு பேரு சொல்லுவாவள்லா? சுடச்சுட! சுடச்சுட நீளக்காரு. எப்பிடி, அம்சமா இல்ல?”

நாற்காலியில் இருந்தவர்கள் அம்சமாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள்.  செத்துப் புதைத்த பெயர் எழுந்து வந்து தோளில் கைபோட்டு நிற்கிறது. வேகன் பெருமை எல்லாம் அந்த நிமிஷத்தில் பாண்டியராஜுக்கு மறந்துபோனது. மசூது அந்த வண்டியை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மசூது வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். காபி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“லே மசூது, வேகன் ரொம்பத் தாழ்வுலே. நம்ம ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும்.”

மசூது போனை எடுத்து, தேடி, ஒரு மெசேஜைத் தட்டினார். பாண்டியராஜின் குரலே வந்தது: ‘லே, அடி தட்டுதுன்னா அது ஓட்டுதவன் தப்பு. வண்டி என்னலே செய்யும்?’

“சரி, உதிரி சாமான்? கொச்சியில இருந்துல்லா வரணும்.”

போனில் பாண்டியராஜ் சொன்னார்: ‘கெட்டுப் போனாத்தானலே சாமான் வேணும்? இது கெடுத வண்டியா?’

“உயரமான வண்டின்னா நாலு பேரு மதிப்பான். இதுல போனா ஆம்புலன்சுன்னு ஒதுங்குதான்லே.”

‘ஒதுங்குதான்னா நல்லதுதான மசூது? நமக்கு ரோடு கெடைக்குதுல்லா?’ என்று போனுக்குள்ளிருந்த பாண்டியராஜ் கடகடவென்று சிரித்தார். வெளியே இருந்த பாண்டியராஜ், “அதை நிறுத்துலே” என்று கத்தினார். ராபியா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன்னோடு தானே சண்டை போட்டுத் தானே தோற்ற மனிதராக அவர் வீடு திரும்பினார்.

பேச்சில் நடக்காததைச் செயலில் நடத்த முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் குற்றாலம் போவதாக ஏற்பாடு. பாண்டியராஜ் காலையிலேயே கடையைத் திறந்து, பின்னால் இருக்கிற இடம் பாதி அடைகிறவரை இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகளை ஏற்றினார். எடை ஏறினால் வண்டி இன்னும் தாழும், மேலகரத்து மேடுகளில் அடி தட்டும், மசூதுக்குப் புத்தி வரும் என்பது கணக்கு.

“எதுக்கு இம்புட்டு பெயிண்டு? அருவிக்கு வெள்ளையடிக்கப் போறோமா?” என்று குழல்வாய்மொழி கேட்டாள்.

“ஒரு பார்ட்டிக்குக் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

முதல் மேட்டை வேண்டுமென்றே வேகமாக ஏற்றினார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். தட்டவில்லை. இரண்டாவது மேடு, அதுவும் தட்டவில்லை. மசூது பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, “லே, வெயிட்டு ஏற ஏற மெத்தை மாதிரில்லா போவுது!” என்றார். குற்றாலம் நெருங்கியபோது சாரல் விழாவுக்குக் கட்டியிருந்த மூங்கில் வளைவு மழையில் நனைந்து தொய்ந்து கிடந்தது. முன்னால் போன உயரமான வண்டி ஒன்று அதில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டது; அதன் சொந்தக்காரர் கூரையில் ஏறி நின்று கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த இடைவெளியில் வேகன் தலையைக் குனியாமலே நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. மசூதும் ராபியாவும் கைதட்டினார்கள். குழல்வாய்மொழி விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே பாண்டியராஜுக்கு அன்றுதான் தெரியும்.

கடைசி நம்பிக்கையாக, “வாங்குதத எல்லாம் வாங்குங்க, இடம் இருக்கான்னு பாப்போம்” என்று பெண்களை உசுப்பிவிட்டார். அவர்கள் விட்டுவைப்பார்களா? இரண்டு பலாப்பழம், ஒரு கூடை மங்குஸ்தான், ரம்புட்டான், நாலு பாய், ராபியாவின் பள்ளிக்கு ஒரு பிரம்பு ஊஞ்சல். பெயிண்ட் வாளிக்கு மேலேயே எல்லாம் ஏறியது. கதவு ‘டக்’ என்று பூப்போல மூடிக்கொண்டது. “இன்னொரு பலா வைக்கலாம் போலயே” என்றாள் ராபியா. தன் வண்டியை முதல்முறையாகப் பாண்டியராஜ் வெறுப்போடு பார்த்தார். சனியன், ஒரு குறைகூடக் காட்ட மாட்டேன் என்கிறது.

பெண்கள் அவர்கள் பக்கம் குளிக்கப் போனார்கள். ஆண்கள் வரிசை நீளமாக நின்றது. சாரல் முகத்தில் அடித்தது, அருவியின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்டது. இனி தாங்காது என்று பாண்டியராஜ் மசூதின் காதருகே குனிந்தார்.

“லே, அந்த வண்டிய வாங்காதலே.”

“ஏம்லே? காலையில இருந்து நீ ஒரு தினுசாத்தான் இருக்க.”

“நீ வாங்குனா ஊருக்குள்ள ரெண்டு நீளக்காரு ஆயிரும். என்னய மறுபடியும் சுடச்சுடம்பானுவ. நமசிவாயம் பேர இப்பவே ரெடி பண்ணி வச்சிருக்கான்லே. என்னால முடியாதுலே மசூது. அந்தப் பேரோட நான் பட்டது ஒனக்குத் தெரியாது. நீ வச்சிட்டுப் போயிட்ட.”

 மசூது கேட்டார்: “அதுக்காலே இம்புட்டு பெயிண்டு வாளிய ஏத்துன?”

பாண்டியராஜ் தலையாட்டினார். மசூது சிரிக்கத் தொடங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிடி விட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார், ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். அவரை அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது மசூதின் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது.

“ஒனக்காவது ஒரு பேரு இருக்குலே. எனக்கு என்ன இருக்கு? எங்க தெருவுல ‘சார்ஜா’ன்னு கூப்பிட்டா ஏழு வீட்டுக் கதவு தொறக்குது. அதுல எங்க வீடு இல்ல. கொரியர்க்காரன் வந்து ‘ராபியா டீச்சர் வீடா’ங்கான். ஆமாங்கேன். ‘நீங்க யாரு’ங்கான். கடையில, பேங்குல, எங்கன போனாலும் ராபியா டீச்சர் வீட்டுக்காரர்னு நானே சொல்ல வேண்டியிருக்கு. பொறந்த ஊருல யாருக்கும் என்னயத் தெரியலலே பாண்டி. அந்த வண்டியில போனா நாலு பேரு ‘யாரு இது’ன்னு கேப்பான்லா? அதுக்காகத்தான் ஆசப்பட்டேன்.” தோளைக் குலுக்கினார். “சவத்த வுடு. நான் வாங்கல. ஒன்னய விட வண்டியா எனக்குப் பெருசு?”

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பாண்டியராஜுக்குச் சந்தோஷமாக இல்லை. மசூது அவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்ததுதான் நெஞ்சில் குத்தியது. அருவியில் நின்றபோதும், திரும்பி வரும்போதும் அவருக்கு அதே நினைப்புதான். பின்னால் பலாப்பழ வாசனை வண்டி முழுக்க வீசிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் வாளியிலிருந்து கசிந்த பெயிண்டும் பலாப் பாலும் ஒட்டிக்கிடந்த வண்டியைக் கழுவ மேலகரத்துக்குப் போனார். மசூதும் சும்மாதானே இருக்கிறோம் என்று கூட வந்தார். வழக்கமான கூட்டம் நாற்காலிகளில் இருந்தது. நமசிவாயம் வேகன் மேல் தண்ணீரை அடித்துக்கொண்டே கேட்டான்: “அண்ணாச்சி, கூட வந்திருக்கது யாரு? நம்ம ஊரா?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் மசூதின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. “நம்ம ஊருதான். நான் வந்து… ராபியா டீச்சர்…” என்று தொடங்கினார்.

“நமசிவாயம், தண்ணிய நிறுத்து” என்றார் பாண்டியராஜ்.

தண்ணீர் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.  பாண்டியராஜ் சொல்லிவிட்டார்: “எனக்கு சுடச்சுடன்னு ஒரு பேரு உண்டுல்லா? அது கோவத்துனால வந்த பேருன்னுதான எல்லாரும் நெனச்சிட்டு இருக்கீங்க? அது கோவமும் இல்ல, ஒரு எளவும் இல்ல. அந்தப் பேர வச்ச ஆளு இவன்தான். இவன் பேரு மசூது. எதுக்கு வச்சான்னு அவன்கிட்டயே கேளுங்க.”

கூட்டம் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தது. “அந்த ஆளா நீங்க!” என்றான் நமசிவாயம். அவன் குரலில் இருந்த மரியாதையைக் கேட்க வேண்டும். மசூது பாண்டியராஜைப் பார்த்தார்.

“சொல்லட்டாலே?”

“சொல்லு.”

மசூது சொன்னார். முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அருவியில் துண்டு போன இடத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. குரங்கு வந்ததும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பேனரை அவிழ்த்த இடம் வந்தபோது மசூது கை கால் எல்லாம் ஆட்டி, பரோட்டாக் கடைக்காரர் துரத்தினதை ஓடிக் காட்டிக்கொண்டிருந்தார். கார் கழுவக் கொடுத்தவர்கள் கழுவி முடித்த காரை எடுக்க மறந்து நின்றார்கள். கொட்டாரக்கரை காண்ட்ராக்டரின் போன் இரண்டு முறை அடித்தது. மசூது அதைப் பார்க்காமலே அமர்த்தி, மடியில் சொருகிக்கொண்டு மேலே சொன்னார்.

“பொறவு நடந்து வாரான் பாருங்க. பின்னால பாத்தா ‘பார்சல் உண்டு’. முன்னால…”

“லே, தப்பு” என்று பாண்டியராஜ் எழுந்தார். “முன்னாலதான்லே பார்சல்.” பக்கத்தில் கிடந்த கார் கவரை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். “இந்தா, இங்கன ‘பார்சல் உண்டு’. இங்கன ‘சுடச்சுட’.” திரும்பி நின்று காட்டினார். அன்றைக்கு நடந்த மாதிரியே, இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, வாட்டர் சர்வீஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குறுகிக் குறுகி நடந்தார். நமசிவாயம் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தான். பாண்டியராஜுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ வருடம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த கதை, இவ்வளவு நல்ல கதை என்று அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

“பேரு வச்ச மசூது அண்ணாச்சி!” என்று தரையில் கிடந்தபடியே அறிவித்தான் நமசிவாயம். “எங்க மினி பஸ்ஸுக்கு ஒரு பேரு வைங்க அண்ணாச்சி” என்று ஒருவர் மசூதின் கையைப் பிடித்தார். “எங்க மாமியாருக்கு ஒண்ணு வேணும்” என்றார் இன்னொருவர். மசூது ஒவ்வொருவரையும் வரிசையில் வரச் சொன்னார்.

அந்தக் களேபரத்தில் குழல்வாய்மொழி போன் செய்தாள். பாண்டியராஜ் ஒரு கையால் கார் கவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தார்.

“கடை தொறக்காம எங்க இருக்கீங்க? அங்கன என்ன இம்புட்டு சத்தம்?”

“மேலகரத்துல இருக்கேன் குழலு. வந்து எல்லாம் சொல்லுதேன். நம்ம மசூதுக்குப் பேரு வச்சிக்கிட்டு இருக்கோம்.”